மைக்கேல் மையர்ஸும் ஒரு பழைய பேப்பர்பேக்கும்

கேள்வி:



நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கிறோம். செப்டம்பர் கடைசியிலேயே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூசணிக்காய்களும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளும் வந்து உட்கார்ந்துவிடும். அதெல்லாம் பழகிப்போய்விட்டது. இந்த வருஷம் புதிதாக ஒன்று. 16 வயதான என் பையன் தன் அறைச் சுவரில் மைக்கேல் மையர்ஸ், ஜேசன், ஃப்ரெடி என்று வரிசையாகப் போஸ்டர் ஒட்டியிருக்கிறான். அக்டோபர் முழுக்கத் தினம் ஒரு ஸ்லாஷர் படம் பார்க்கப்போகிறானாம். போதாததற்கு, அந்தப் படங்களை நாவலாக எழுதி அந்தக் காலத்தில் விற்ற பேப்பர்பேக் புத்தகங்களையும் தேடிக்கொண்டிருக்கிறான். 1979-இல் வந்த ‘ஹாலோவீன்’ நாவலுக்கு ஒருவர் 150 டாலர் கேட்கிறார். வேலை பார்த்துச் சேர்த்த காசு இருக்கிறது, வாங்கட்டுமா அம்மா என்கிறான்.

நான் மதுரையில் மாத நாவல் படித்து வளர்ந்தவள். கொலைக் கதை என்றதும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனால் இந்தப் படங்களில் கத்தியோடு ஒருவன் வருகிறான், சின்னப் பிள்ளைகளைக் குத்துகிறான், அதிலும் பெண்பிள்ளைகளைத் தேடித் தேடிக் குத்துகிறான். இதில் கொண்டாட என்ன இருக்கிறது? படமாகவே வந்துவிட்ட கதையைப் புத்தகமாக வேறு எதற்குப் படிக்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்:



150 டாலர் விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை பேசிப் பயனில்லை. புத்தகம் புரிய வேண்டுமானால் முதலில் படத்தைப் பேச வேண்டும்.

ஹாலோவீன் இரவுக்கும் கத்திக்கும் ஆதியில் எந்த உறவும் கிடையாது. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவருக்குமான திருநாள். அதற்கு முந்தின இரவு இது. அதற்கும் அடியில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும்போது கொண்டாடிய பழைய பண்டிகை ஒன்று இருக்கிறது. அங்கே டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்காவுக்கு வந்து பூசணிக்குள் வைத்தார்கள். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவலானது 1930-களுக்குப் பிறகுதான். கத்தியோடு ஒருவன் இந்த இரவுக்குள் நிரந்தரமாகக் குடியேறியது 1978-இல்.

இர்வின் யாப்லான்ஸ் என்ற தயாரிப்பாளருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்களை ஒருவன் பின்தொடர்கிற மாதிரி ஒரு படம் வேண்டியிருந்தது. கதை முழுவதும் ஹாலோவீன் இரவிலேயே நடக்கட்டும் என்றார். ஜான் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் சேர்ந்து எழுதினார்கள், கார்பென்டர் இயக்கினார். பணம் கொடுத்தவர் முஸ்தபா அக்காட். நபிகள் நாயகத்தின் வரலாற்றை ‘தி மெசேஜ்’ என்று பிரம்மாண்டமாக எடுத்த அதே சிரியாக்காரர்தான். அவர் ஒதுக்கிய தொகை 3 லட்சம் டாலரையொட்டி. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. கதை நடப்பது இல்லினாயில், இலையுதிர் காலத்தில். படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவில் தெற்கு பாசடீனா பக்கம், வசந்த காலத்தில். பச்சைப் பசேலென்ற தெருவில் சாயம் பூசிய பொய்ச் சருகுகளைத் தூவிப் படம் பிடித்துவிட்டு, அவற்றையே பொறுக்கிச் சேர்த்து அடுத்த காட்சிக்கும் தூவினார்கள்.

முகமூடிக்கும் அதே கதிதான். டாமி லீ வாலஸ் என்பவர் படத்தின் கலைப் பொறுப்பையும் படத்தொகுப்பையும் கவனித்தவர். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகத்தை அச்செடுத்த ரப்பர் முகமூடி ஒன்றை 2 டாலருக்கும் குறைவான விலையில் வாங்கிவந்தார். புருவத்தைப் பிய்த்தார், கிருதாவை எடுத்தார், கண் துளைகளைப் பெரிதாக வெட்டினார், வெள்ளை பெயின்ட் அடித்தார். உங்கள் பையன் சுவரில் இருக்கும் மைக்கேல் மையர்ஸின் முகம் அதுதான். உற்றுப் பாருங்கள், அதில் கோபம் இல்லை, வெறி இல்லை, சிரிப்பும் இல்லை. எந்த உணர்ச்சியும் இல்லாததால் பார்க்கிறவர் தன் பயத்தையெல்லாம் அதன்மேல் ஏற்றிக்கொள்கிறார்.

இந்தப் படத்தில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். லாரி என்ற பெண், ஜேமி லீ கர்டிஸ் நடித்தது, எதிர்வீட்டு மாடியில் தன் தோழிகளின் சடலங்களைப் பார்த்துவிட்டு அழுதபடி பின்வாங்கி ஒரு வாசற்கால் ஓரமாகச் சுவரில் சாய்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் கதவுக்குள் கும்மிருட்டு. சில விநாடிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த இருட்டில் வெளிறிய ஒரு வடிவம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி சின்ன விளக்கு ஒன்றை மெல்ல மெல்லக் கூட்டியிருக்கிறார், செலவு அவ்வளவுதான். முகமூடி ஆடவில்லை அசையவில்லை, ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. பார்க்கிற நமக்குத்தான் கண் பிந்திப் பழகுகிறது.

ரத்தம்? அநேகமாக இல்லை. படத்தைப் பார்க்காதவர்கள் ரத்த ஆறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பயத்தில் பாதி இசையிலிருந்து வருவது. பின்னணி இசை சேர்க்கும் முன்பு ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண்மணிக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை என்று கார்பென்டரே சொல்லியிருக்கிறார். பிறகு அவரே உட்கார்ந்து பியானோவில் அந்த இசையை அமைத்தார். ஐந்து எண்ணிக்கையில் சுற்றும் தாளம்; கர்நாடக இசை கேட்டவர்களுக்குக் கண்டம் என்று உடனே பிடிபடும். சிறுவயதில் அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. நாலு என்று எதிர்பார்க்கிற காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிப்போய், எங்கேயும் நிம்மதியாகக் கால் ஊன்ற முடியாமல் போகிறது.

இதுவரை சொன்னதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மைக்கேல் ஏன் கொல்கிறான் என்று நான் சொல்லவே இல்லை. படமும் சொல்வதில்லை. 1963-இல் ஆறு வயதுப் பையன் கோமாளி வேஷத்தில் தன் அக்காவைக் குத்துகிறான். 15 வருஷம் மனநோய் விடுதியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். தப்பித்து ஊருக்குத் திரும்புகிறான். அவனைக் கவனித்த டாக்டர் லூமிஸே காரணம் தேடுவதைக் கைவிட்டவர். அதே 1978 அக்டோபர் கடைசியில் தமிழில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளியானது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. ஆனால் கமல்ஹாசன் நடித்த கொலைகாரனுக்குச் சிறுவயதில் பட்ட காயங்கள் உண்டு, பெண் வெறுப்பை ஊட்டி வளர்த்த ஒருவர் உண்டு, ‘இதனால்தான் இவன் இப்படி’ என்று நாம் மூச்சுவிட ஒரு இடம் உண்டு. மையர்ஸ் விஷயத்தில் அந்த இடத்தை அடைத்துவிட்டார்கள். அவன் வருஷாவருஷம் திரும்பி வருவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் எண்ணம். பண்டிகையின் பெயரே படத்தின் பெயர், அந்தத் தேதியில் வீடு திரும்புவதே கதை, வேஷம் போடும் இரவுக்கு இரண்டு டாலர் முகமூடி என்பதெல்லாம் அதற்கு அப்புறம். காதலர் தினம், ஏப்ரல் முதல் தேதி, கிறிஸ்துமஸ் என்று காலண்டரில் ஒரு தேதி விடாமல் கொலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பண்டிகையும் இந்த அளவு ஒரு வில்லனுக்குச் சொந்தமாகவில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, பெண்பிள்ளைகள் பற்றியது. நீங்கள் சொன்னது உண்மை, அதை மழுப்ப மாட்டேன். 1980-களின் முதல் பாதியில் வந்த ஸ்லாஷர் படங்களில் பெரும்பாலானவை பெண்ணுடல் மேல் கத்தி இறங்குவதை டிக்கெட் விற்கும் சரக்காகவே வைத்திருந்தன. காதலனோடு படுத்தவள் சாவாள், படிப்பாளி பிழைப்பாள் என்ற அருவருப்பான கணக்கும் அவற்றில் ஓடியது. கேரல் க்ளோவர் என்ற பேராசிரியை 1987-இல் எழுதிய கட்டுரையிலும், 1992-இல் வந்த ‘மென், விமன் அண்ட் செயின் சாஸ்’ புத்தகத்திலும் இதைத்தான் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவர் கண்டது எல்லோரையும் யோசிக்க வைத்தது. இந்தப் படங்களுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலும் பையன்கள். ஆனால் கடைசி அரைமணி நேரம் அவர்கள் கொலைகாரன் பக்கம் நிற்பதில்லை. பயந்து, ஒளிந்து, கையில் அகப்பட்ட ஊசியையோ கம்பியையோ எடுத்துத் திருப்பிக் குத்தும் ஒரு பெண்ணின் கண்ணால்தான் பார்க்கிறார்கள், அவள் பிழைக்க வேண்டும் என்று சத்தம் போடுகிறார்கள். க்ளோவர் அவளுக்கு வைத்த ‘ஃபைனல் கேர்ள்’ என்ற பெயர் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. உங்கள் பையன் சொல்லியும் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே எதைப் பார்க்கிறான் என்பதில் உங்களுக்குக் கட்டாயம் பேச்சு இருக்கிறது. இவையெல்லாம் அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் பெற்ற படங்கள். 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தியேட்டரில் பார்க்கப் பெற்றோரோ பெரியவரோ கூட இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலும் அதையே வையுங்கள், கூட உட்காருங்கள். தினம் ஒன்று என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து நாளில் கண் மரத்துப்போகும். சாவைப் பார்த்துப் பதறாத நிலைக்குப் பிள்ளை வரக்கூடாது, நல்ல திகில் படமும் அதை விரும்பாது. வாரம் ஒன்று போதும். முதலில் 1978-இன் ‘ஹாலோவீன்’. அடுத்து வெஸ் க்ரேவனின் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’, 1984. லாவோஸிலிருந்து வந்த மோங் அகதிகளில் சில இளைஞர்கள் தூக்கத்திலேயே அலறி இறந்துபோனதாக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் வந்த செய்திகளைப் படித்துவிட்டுத்தான் க்ரேவன் இந்தக் கதைக்கு வந்தார். கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடியை ராபர்ட் இங்லண்ட் நடித்தார். பெற்றோர் மறைத்த பாவத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிற கதை அது. அம்மாவும் பையனும் சேர்ந்து பார்த்தால் பேச விஷயம் கிடைக்கும். கடைசியாக, இந்த வகையின் விதிகளையெல்லாம் பாத்திரங்களே விவாதிக்கிற 1996-இன் ‘ஸ்க்ரீம்’. அதுவும் க்ரேவன் இயக்கியதுதான்.

ஜேசன் படங்களில் முதலாவதான ‘ஃப்ரைடே த தர்டீன்த்’ 1980-இல் வந்தது. அதில் ரத்தம் கூடுதல், கலை குறைவு. ஆனாலும் நியூ ஜெர்சிக்காரர்களிடம் அதை மறைக்க முடியாது, படம் உங்கள் மாநிலத்திலேயே எடுத்தது. ப்ளேர்ஸ்டவுன் என்ற சிற்றூரும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் சாரணர் முகாமும்தான் படத்தில் கொலைகள் நடக்கும் கிரிஸ்டல் லேக். முகாம் தனியார் இடம், நினைத்தபோது நுழைய முடியாது. குறிப்பிட்ட சில நாட்களில் டிக்கெட் போட்டு உள்ளே அழைத்துப்போகிறார்கள். முதல் படத்தில் கொலைகாரன் ஜேசன் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் அலட்சியத்தால் பிள்ளையை ஏரியில் பறிகொடுத்த ஒரு அம்மா அவள். பெட்சி பாமர் என்ற நடிகை அந்தக் கடைசி இருபது நிமிஷத்தைத் தாங்கிப் பிடிக்கிறார். ஜேசனின் ஹாக்கி முகமூடி 1982-இல் மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது.

இனி புத்தகங்கள். படமாக வந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். 1970-களில் ஒரு படம் தியேட்டரை விட்டுப் போனால் போனதுதான். எப்போதோ டிவியில் வெட்டிக் குதறிப் போடுவார்கள். வீடியோ கேசட் வீட்டுக்கு வீடு வரவில்லை. நம் ஊரில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டும், தியேட்டர் வாசலில் கதை வசனப் புத்தகம் வாங்கியும் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டோமே, அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தது படத்தின் போஸ்டரையே அட்டையாகப் போட்டு மருந்துக்கடையிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் சுழலும் கம்பி ஸ்டாண்டில் விற்ற பேப்பர்பேக். 1976-இல் ‘தி ஓமன்’ படத்தின் திரைக்கதையை எழுதிய டேவிட் செல்ட்சர் அதையே நாவலாகவும் எழுதி, புத்தகம் லட்சக்கணக்கில் விற்றபிறகு ஒவ்வொரு திகில் படத்துக்கும் ஒரு நாவல் என்றாகிவிட்டது.

இவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்க்காமலே எழுதினார்கள். படம் வெளியாகும் நாளில் புத்தகமும் கடையில் இருக்க வேண்டுமே. திரைக்கதைப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, சில வாரம் தவணை சொல்லி, மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவார்கள். படப்பிடிப்பில் மாறியது, வெட்டில் போனது எதுவும் எழுதுகிறவருக்குத் தெரியாது. அதனால் படத்தில் இல்லாமல் போன காட்சிகள் பல இந்தப் புத்தகங்களில் உயிரோடு இருக்கின்றன. எல்ம் ஸ்ட்ரீட்டின் முதல் மூன்று பாகங்களை ஜெஃப்ரி கூப்பர் 1987-இல் ஒரே புத்தகமாக எழுதினார். அதில் மூன்றாம் பாகம் படத்திலிருந்து விலகி, முந்தைய திரைக்கதை வரைவின்படி போகிறது. ஜேசன் படங்களில் ஆறாவதைச் சைமன் ஹாக் நாவலாக்கியபோது, திரையில் வராத ஜேசனின் அப்பா புத்தகத்தில் வருகிறார். உங்கள் பையன் போன்றவர்கள் தேடி அலைவது இதற்காகத்தான்.

ஆனால் நான் இவற்றைப் படிக்கச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. மேலே சொன்ன அந்த இருட்டு வாசற்காலை உரைநடையில் எழுத முடியுமா, யோசித்துப் பாருங்கள். ‘அவளுக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான்’ என்று எழுதியதுமே போயிற்று. வெற்று முகத்தைத் திரையில் ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாவலில் நாலு பக்கத்துக்கு மேல் அது தாங்காது. எழுதுகிறவன் முகமூடிக்குள் ஏதாவது ஒன்றை வைத்தே ஆக வேண்டும். கார்பென்டர் அடைத்துவைத்த கதவை நாவலாசிரியர் திறக்க வேண்டிய கட்டாயம். எதைக்கொண்டு நிரப்பினார், அதனால் பயம் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பது கதை சொல்லும் கலையைப் பற்றி ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய அருமையான பாடம்.

உங்கள் 150 டாலர் புத்தகம் இதற்குச் சரியான உதாரணம். அட்டையில் கர்ட்டிஸ் ரிச்சர்ட்ஸ் என்று இருக்கும்; அது புனைபெயர், ஆள் ரிச்சர்ட் கர்ட்டிஸ் என்ற இலக்கிய ஏஜென்ட். பான்டம் வெளியீடு. திறந்தால் இல்லினாய் இல்லை, அமெரிக்காவே இல்லை. பழங்கால அயர்லாந்து. உடல் கோணலான ஒரு இளைஞன், அரசன் மகள்மேல் ஏங்கியவன், பண்டிகை இரவின் நெருப்பு வெளிச்சத்தில் அவளையும் அவள் மணக்கவிருந்தவனையும் கொல்கிறான். ஊர் அவனைக் கிழித்துப்போடுகிறது. அவன் ஆவி காலமெல்லாம் அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யட்டும் என்று சாபம். பிறகு 1963-க்கு வந்தால், சின்ன மைக்கேலுக்குக் குரல்கள் கேட்கின்றன, குடும்பத்தின் முந்தைய தலைமுறையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. லாரி அவன் தங்கை என்ற விஷயம் 1981-இல் வந்த இரண்டாம் படத்தில்தான் முளைத்தது. இந்தப் புத்தகம் எழுதும்போது அது யார் மனசிலும் இல்லை. ஆகவே இது முற்றிலும் வேறு விளக்கம். 1995-இல் ஆறாவது படம் பழைய சாபம், பண்டிகை, ரகசியக் கூட்டம் என்று போனபோது இந்த முன்கதையின் வாடை அதில் அடித்தது.

இந்தச் சாபக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. சாபம் என்று தெரிந்ததும் மைக்கேல் சின்னதாகிவிடுகிறான். ஆனால் அதற்கடுத்து விடுதியில் அவன் வளரும் வருஷங்களைக் கர்ட்டிஸ் எழுதியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் புத்தகம் எழுந்து நிற்கிறது. படம் ஒரே வெட்டில் தாண்டிப்போகும் காலம் அது. ஒரு பையன் அந்த இடத்தையே மெல்ல மெல்லத் தன் கைக்குள் கொண்டுவருகிறான். அவனைச் சீண்டியவர்களுக்கு ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது, எதையும் அவன்மேல் நிரூபிக்க முடியவில்லை. லூமிஸ் ஒருவருக்குத்தான் தெரிகிறது. அவரை யாரும் நம்பவில்லை. காரணம் சொல்லாமல் நடத்தையை மட்டும் காட்டுகிற அந்தப் பக்கங்களில் படத்தின் பயம் அப்படியே எழுத்தில் வந்திருக்கிறது. ஒரே புத்தகத்தில் சரியான வழியும் தவறான வழியும் அடுத்தடுத்து.

எழுத்துக்காகவே படிக்க வேண்டும் என்றால் டென்னிஸ் எட்சிசன். நல்ல சிறுகதை ஆசிரியர், வேர்ல்ட் ஃபேன்டஸி விருது வாங்கியவர். ‘ஹாலோவீன்’ இரண்டாம், மூன்றாம் படங்களை ஜாக் மார்ட்டின் என்ற பெயரில் நாவலாக்கினார். மூன்றாவது படமான ‘சீசன் ஆஃப் த விட்ச்’ 1982-இல் வந்தபோது தோற்றது, ஏனென்றால் அதில் மைக்கேல் மையர்ஸே கிடையாது. வருஷம் ஒரு புதுக் கதை சொல்லலாம் என்று கார்பென்டரும் ஹில்லும் நினைத்திருந்தார்கள். இந்தப் படத்தில் ஹாலோவீன் முகமூடிகளைச் செய்து நாடு முழுக்க விற்கும் ஒரு ஐரிஷ் முதலாளி, குறித்த நேரத்தில் டிவி விளம்பரம் ஒளிபரப்பானதும் அவற்றை அணிந்திருக்கும் பிள்ளைகளைக் கொல்லத் திட்டமிடுகிறான். இயக்கியவர் யார் தெரியுமா? ஷாட்னர் முகமூடிக்கு வெள்ளையடித்த டாமி லீ வாலஸ். பண்டிகையை விளம்பரம் விழுங்குவதைப் பற்றி இதைவிடக் கோபமான ஒரு ஹாலோவீன் கதை எனக்குத் தெரியாது. இன்று அந்தப் படத்துக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. எட்சிசனின் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைகளும், அறையில் யாரும் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும் டிவிகளும் படத்தைவிட ஒரு படி மேல்.

உங்களுக்கு ஒரு புத்தகம் எடுத்துவைத்திருக்கிறேன். டோபி ஹூப்பர் இயக்கிய ‘தி ஃபன்ஹவுஸ்’ படத்தை டீன் கூன்ட்ஸ் 1980-இல் ஓவன் வெஸ்ட் என்ற பெயரில் நாவலாக எழுதினார். படம் தாமதமாகி 1981-இல்தான் வந்தது. புத்தகம் முந்திக்கொண்டு நன்றாக விற்றது. பொருட்காட்சித் திடலில் இரவு மாட்டிக்கொள்ளும் நாலு இளைஞர்கள், அவ்வளவுதான் திரைக்கதை. நாவலுக்கு அது பற்றாது என்று கூன்ட்ஸ் முன்னால் போய் ஒரு வாழ்க்கையையே எழுதினார். மதக் கெடுபிடி மிகுந்த வீட்டிலிருந்து ஓடிப்போய்ப் பொருட்காட்சிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள் எல்லென். பிறக்கும் குழந்தை கோரமானது, அவளைத் தாக்குகிறது, அவள் கையாலேயே அது சாகிறது. கணவன் அவளை உயிரோடு விடுகிறான். உனக்கு வேறு பிள்ளைகள் பிறக்கட்டும், அப்போது வருகிறேன் என்கிறான். வருஷங்கள் கழித்து இன்னொரு வீட்டில், தன் மகளுக்குள்ளும் அந்தத் தீமை இருக்குமோ என்று தினமும் சந்தேகத்தோடு பார்த்து, பிரார்த்தனையிலும் குடியிலும் ஒளிந்துகொள்ளும் ஒரு அம்மாவாக அவள் இருக்கிறாள். திகில் படம் என்றால் உயிரையே விடும் ஒரு சின்னப் பையனும் அந்த வீட்டில் உண்டு. படம் எடுத்துக்கொண்ட பகுதி நாவலின் கடைசியில்தான் வருகிறது. பெரியவர்களுக்கான புத்தகம், பையனுக்கு முன் நீங்கள் படியுங்கள். இப்போது கூன்ட்ஸின் சொந்தப் பெயரிலேயே மறுபதிப்புகள் கிடைக்கின்றன, விலையும் சாதாரணம்.

சமீபத்திய ‘ஹாலோவீன்’ படங்களுக்கும் நாவல்கள் வந்திருக்கின்றன. 2018 படத்துக்கு ஜான் பாசரெல்லா, 2021-இன் ‘ஹாலோவீன் கில்ஸ்’ படத்துக்கு டிம் வாகனர். திறமையாக எழுதியவைதான். ஆனால் இன்று படம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பழையவற்றின் அவசரமும் துணிச்சலும் இவற்றில் இல்லை. நூலகத்தில் கேட்டு வாங்கிப் படித்தால் போதும்.

இப்போது 150 டாலர். 1979 பதிப்பு சேகரிப்பவர்கள் கைக்குப் போய்விட்டது, நல்ல பிரதிக்கு நூறு டாலருக்கு மேல் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆகவே அந்த ஆள் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. பையன் கண்ணாடி அலமாரியில் வைக்கப்போகிறான் என்றால் என் பதில் வேண்டாம். படிக்கப்போகிறான் என்றால் வாங்கட்டும், ஆனால் அந்தப் பிரதியை அல்ல. அட்டை மடங்கியது, முதுகில் கோடு விழுந்தது, முந்தைய சொந்தக்காரர் பேனாவால் பெயர் எழுதியது என்று பிரதிகள் அவ்வப்போது குறைந்த விலைக்கு வரும். நவம்பர் பிறந்ததும் கேட்பவர்கள் குறைவார்கள், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். பணம் அனுப்பும் முன் பதிப்பு விவரப் பக்கத்தையும் முதுகையும் படம் பிடித்து அனுப்பக் கேட்க வேண்டும். கைக்கு வந்தபிறகு முழுக்க மடக்கித் திறக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பசை காய்ந்திருக்கும், பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். இந்த அக்டோபருக்கு எட்சிசனின் மூன்றாம் ‘ஹாலோவீன்’ நாவலை நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ தேடட்டும். அந்தப் படத்தை அவன் பார்த்துவிட்டானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கவில்லை என்றால் இந்த ஒன்றில் மட்டும் புத்தகத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.